கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்னால்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது, தாமதத்துக்கு மன்னித்துக்கொள். என் முழங்கால் படி இறங்கும்போது மட்டும் தன்னை ஞாபகப்படுத்துகிறது, மற்றபடி சரி. மகளுக்கு வேலை கிடைத்ததை ஒரே வரியில் முடித்துவிட்டு, கியர் விழாத கதைக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாயே, நியாயமா? அவளுக்கு என் வாழ்த்தைச் சொல்.

சரி, கார் விஷயம். ஃபர்ஸ்ட் விழ அடம்பிடிக்கிறது, ரிவர்ஸ் போட்டால் கர்ரென்று கத்துகிறது, மெக்கானிக் பார்த்த மாத்திரத்தில் "கியர்பாக்ஸை இறக்கணும்" என்கிறார். அவசரப்பட்டுச் சரி என்று சொல்லிவிடாதே. நான் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் அனுபவித்தேன்.

முதலில் எஞ்சினை அணைத்துவிட்டு, கிளட்சை முழுசாக மிதித்து எல்லா கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார். ஏதாவது ஒன்று முட்டி நின்றால் பயப்படாதே, பற்கள் நேருக்கு நேர் இடித்திருக்கும், காரை அரை அடி உருட்டிவிட்டு மறுபடி போடு. அணைத்திருக்கும்போது எல்லாம் வெண்ணெயாக விழுந்து, ஓடும்போது மட்டும் விழவில்லையென்றால் சந்தேகம் முதலில் கிளட்ச் மேல்தான். நீ மிதித்தும் அது எஞ்சினை முழுசாக விடவில்லை, கியர்பாக்ஸுக்குள் தண்டு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, சுற்றுகிற பல்லோடு நிற்கிற பல் எப்படிச் சேரும்?

இதை உறுதிசெய்ய ரிவர்ஸே போதும். பழைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ, அதாவது வேகத்தைச் சமப்படுத்திப் பற்களைச் சேர்த்துவிடுகிற அமைப்பு, கிடையாது. நியூட்ரலில் எஞ்சின் ஐடிலில் ஓடட்டும், கிளட்சை மிதித்துக்கொண்டு நிதானமாகப் பத்து எண்ணு, பிறகு ரிவர்ஸ் போடு. கிளட்ச் ஒழுங்காக விட்டிருந்தால் அதற்குள் தண்டு நின்றுபோய் கியர் சத்தமில்லாமல் விழும். பத்து எண்ணிய பிறகும் கத்தினால் கிளட்ச் விடவில்லை என்று அர்த்தம். அவசரமாகப் போடும்போது மட்டும் கத்தினால் அது உன் அவசரம், வண்டியின் குற்றமில்லை.

என் கதையைக் கேள். இதே தொல்லைக்கு கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் பிளேட்டை மாற்றி, பணத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை மறுபடி அதே கர்ர்! அப்புறம் ஒரு நாள் கிளட்ச் பெடலுக்குப் பின்னால் கார்பெட்டைத் தூக்கினால் விரல் வழுக்குகிறது. பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரின் சீல் போய், கிளட்சுக்கும் ஊற்றுகிற பிரேக் ஆயில், பெடலோடு சேர்ந்த புஷ்ராடு வழியாகச் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியிருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், பல மாதமாகவே நான் பெடலை இரண்டு தடவை மிதித்துவிட்டுத்தான் கியர் போட்டிருக்கிறேன். எனக்குத் தெரியாமல் என் கால் கோளாறைக் கண்டுபிடித்துச் சமாளித்துக்கொண்டிருந்தது! சீல் மாற்றி, ஆயில் லைனில் இருந்த காற்றை எடுத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது.

உன் வண்டியிலும் கேபிள் இல்லாமல் ஆயில் அழுத்தத்தில் இயங்குகிற கிளட்ச் என்றால் இதையே பார். இரண்டு மிதியில் கியர் விழுகிறதா, பெடலை மிதித்தபடி வைத்திருந்தால் மெல்லக் கீழே போகிறதா, டப்பாவில் ஆயில் குறைந்திருக்கிறதா, கீழே அந்த அழுத்தத்தை வாங்கிக் கிளட்சைத் தள்ளுகிற ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் ஈரமாக இருக்கிறதா. கேபிள் என்றால் நீண்டு தளர்ந்திருக்கும், இழை பிரிந்திருந்தால் அட்ஜஸ்ட் செய்து ஏமாற்றாமல் மாற்றிவிடு. இதற்கெல்லாம் முன்னால் பெடலுக்கு அடியில் கால்மிதி மடிந்து கிடக்கிறதா என்று பார். சிரிக்காதே, அதுவும் நடக்கிற காரியம்தான்.

எஞ்சின் அணைந்திருக்கும்போதே கியர் முரண்டு பிடித்தால் விஷயம் வேறு. அப்போதும் உடனே உள்ளே போகாதே, கியர் ராடிலிருந்து பாக்ஸ் வரை போகிற இணைப்பைப் பார். அதில் இருக்கிற பிளாஸ்டிக் புஷ் என்கிற சின்ன வளையம் காலப்போக்கில் பொடிந்துபோகும், ராடு கஞ்சிக்குள் கரண்டி விட்டது மாதிரி ஆடும். சின்ன உருப்படிதான், ஆனால் பார்க்கிறவர்கள் குறைவு.

பாக்ஸையே சந்தேகப்பட வேண்டியது எப்போது என்றால், ஒரே ஒரு கியர் மட்டும் தொடர்ந்து கத்தும்போது, குறிப்பாக செகண்ட். டபுள் கிளட்ச் அடித்து, அதாவது நியூட்ரலில் கிளட்சை ஒருமுறை விட்டு மறுபடி மிதித்து, போட்டால் சத்தமில்லாமல் விழுகிறதா? அப்படியானால் சின்க்ரோ ரிங் தேய்ந்திருக்கும். போட்ட கியர் ஓடும்போது தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்தாலும் உள்ளே தேய்மானம் இருக்கலாம், ஆனால் எஞ்சின் மவுண்ட் தளர்ந்தாலும் அப்படி நடக்கும், அதை முதலில் ஆட்டிப் பார்.

காலையில் குளிரில் மட்டும் கடினம், ஓடிச் சூடானதும் சரி என்றால் கியர் ஆயிலைக் கவனி. வண்டிப் புத்தகத்தில் ஆயில் தரம் ஜிஎல்-4 என்று போட்டிருந்தால் அதையே ஊற்று. எண் பெரிதாக இருக்கிறதே என்று ஜிஎல்-5 ஊற்றினால் பித்தளை சின்க்ரோவுக்கு ஆகாமல் போகலாம், வழுவழுப்பு கூடி ரிங் பிடிக்காமலும் போகும். ஆயிலை வடிக்கும் முன் ஊற்றுகிற பக்கத்து பிளக் கழல்கிறதா என்று பார்த்துக்கொள், வடித்த பிறகு அது கழலாவிட்டால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். வடிக்கிற பிளக் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் சாதாரணம். பல் துண்டு வந்தால் மெக்கானிக் சொன்னதுதான் சரி, இறக்கிவிடு.

கார்பெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு உடனே எழுது. மகளின் வேலையைப் பற்றியும் இந்த முறை இரண்டு வரியாவது எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்