புத்தகத்தின் எடையைத் தரை தாங்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பினாங்கில் புதிய மத்திய நூலகம் கட்டுவதென்றால், முகப்பு ஓவியத்தைக் காட்டுமுன் தரை எவ்வளவு பாரம் தாங்கும் என்று சொல்லட்டும். வாசிப்புக் கூடத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ போதும். புத்தக அலமாரிகள் நிற்கும் தரைக்கு ஏறக்குறைய 730 கிலோ வேண்டும். தண்டவாளத்தில் நகரும் நெருக்க அலமாரி வைத்தால் அதுவும் போதாது. பழைய அலுவலகக் கட்டடத்தை நூலகமாக்கும் யோசனை பெரும்பாலும் இங்கேதான் முட்டுகிறது. தரை தொய்ந்தபின் தூண் வைக்க முடியுமா?

அடுத்தது பூஞ்சை. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் தாளில் பூக்கத் தொடங்கும். நம் ஊரில் வெளியே சராசரியே 80-ஐ ஒட்டி இருக்கிறது. மின்கட்டணம் மிச்சமென்று இரவில் ஏர்கோனை அடைத்துவிட்டால், குளிர்ந்த சுவரிலும் அட்டையிலும் ஈரம் படியும். முதலில் புத்தகத்தின் முதுகுத் துணியில் சாம்பல் புள்ளி தெரியும், பிறகு வாடை வரும். புத்தக அடுக்குப் பகுதிக்குத் தனி ஈரநீக்கி இயந்திரம் 24 மணி நேரமும் ஓட வேண்டும். வெளிச்சுவரிலிருந்து அலமாரியை ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும்.

அடுக்குகளுக்கு மேல் கழிவறை, தண்ணீர்க்குழாய் எதுவும் வேண்டாம். 2017 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊரில் நிலவறைக் கிடங்கும் வேண்டாம். பெரிய சன்னல்கள் வடக்கு, தெற்குப் பக்கம் இருக்கட்டும். மேற்கு வெயில் அட்டையை வெளுத்துவிடும்.

வாசகர்,
ஜார்ஜ்டவுன்