வலப்பக்கத்தைப் பற்றி அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பா,

"ரெண்டையும் எடுத்துடச் சொல்லப் போறேன்பா, இந்தப் பயத்தோட என்னால இருக்க முடியாது" என்று நீ போனில் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அப்பாவிடம் பேசக் கூச்சமான விஷயம் என்று நீயும் சட்டென்று வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன்.

புற்றுநோய்க் கட்டி உன் இடது மார்பில் மட்டும்தான் இருக்கிறது. அது பரவி வலது மார்புக்கும் வந்துவிடும் என்று பயந்து இரண்டு மார்பையும் எடுக்கச் சொல்கிறாய். மறுபக்கத்தில் வந்தால், பெரும்பாலும் அது புதிதாக முளைக்கும் வேறு கட்டி. உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் அதனால் அல்ல. முதல் கட்டியின் செல்கள் எலும்புக்கோ நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ போய்ச் சேர்வதால்தான். வலது மார்பை எடுப்பது அதைத் தடுக்காது. அதற்குத்தான் கீமோவும் மாத்திரைகளும்.

ஒரு பக்கம் நோய் வந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களின் பதிவுகளை ஆராய்ந்த ஒரு ஆய்வு 2024-ல் வந்தது. மறுபக்கத்தை அப்படியே விட்டவர்களில், 20 ஆண்டுகளில் நூற்றுக்கு 7 பேருக்கு அங்கே நோய் வந்தது. இரண்டையும் எடுத்தவர்களுக்கு அது மிக அரிது. ஆனால் கட்டியை மட்டும் எடுத்தவர்கள், ஒரு மார்பை எடுத்தவர்கள், இரண்டையும் எடுத்தவர்கள் என மூன்று பிரிவிலும் நோயால் இறந்தவர்கள் ஏறக்குறைய ஒரே அளவுதான்: நூற்றுக்கு 16, 17 பேர். இதைப் படித்தபிறகு ரொம்ப நேரம் உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெரிய வலியைத் தாங்கியும் ஆயுள் கூடவில்லை என்றால், நீ எதற்கு அதைத் தாங்க வேண்டும்? இரண்டு பக்கம் என்றால் காயமும் இரண்டு. ஆறத் தாமதமானால் கீமோவும் தள்ளிப்போகும். மார்பில் தொடு உணர்வு பெரும்பாலும் திரும்பாது.

ஆனால் ஒன்று இருக்கிறது. மரபணுப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. மார்பிலும் சினைப்பையிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிற பிஆர்சிஏ1 என்ற மரபணு மாற்றம் இருந்தால், மறுபக்கம் வரும் வாய்ப்பு 20 ஆண்டுகளில் நூற்றுக்கு 40 வரை போகிறது. அப்போது எடுப்பதில் நியாயம் இருக்கிறது. நானே உன்னோடு வந்து கையெழுத்துப் போடுவேன். சினைப்பைகளைப் பற்றியும் அப்போது டாக்டரிடம் பேச வேண்டியிருக்கும். அம்மா வழியில் யாருக்கும் இல்லை என்று மட்டும் நீ எழுதிக் கொடுத்திருக்கிறாய். இந்த மரபணு மாற்றம் அப்பா வழியாகவும் வரும், பாப்பா. உன் அத்தைக்கு வந்தது சினைப்பைப் புற்றுநோய். அதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

மாற்றம் எதுவும் இல்லை என்று வந்தபிறகும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கட்டும், வருஷா வருஷம் மம்மோகிராம் என்கிற மார்பு எக்ஸ்ரேவுக்குப் போய் நடுங்க முடியாது என்று தோன்றினால், அதுவும் உன் உடம்பு, உன் முடிவு. நான் குறுக்கே நிற்க மாட்டேன். இந்த வாரத்துப் பயத்தில் மட்டும் முடிவு செய்யாதே. வலப்பக்கத்தை அடுத்த வருஷம்கூட எடுக்கலாம்.

அத்தையின் பழைய பயாப்ஸி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துவிட்டேன். இன்றைக்கே படம் பிடித்து அனுப்புகிறேன், அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் காட்டு.

அப்பா