"அதை நினையாதே" என்று பிள்ளைக்குச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

"மனசுக்குள்ள ஒரு சொல் திரும்பத் திரும்ப வருது" என்று பிள்ளை சொன்னால், "அதை நினையாமல் படி" என்பதுதான் வீட்டில் கிடைக்கும் பதில். குரங்கை நினைக்காமல் மருந்தைக் குடிக்கச் சொன்ன கதைதான். அமுக்க அமுக்க அந்தச் சொல் கூடும்.

அதட்டாமல் முதலில் கேளுங்கள்: "அது உன்ர மனசு சொல்லுற மாதிரியோ, ஆரோ வெளியில நிண்டு கதைக்கிற மாதிரியோ?" கேட்ட பாட்டொன்று சுற்றிச் சுற்றி ஓடுவது எல்லாருக்கும் உள்ளது; விட்டுவிடலாம். வெளிக்குரல் வேறு. பல சிறுவருக்கு அதுவும் தானாக நின்றுவிடும். ஆனால் குரல் ஏதாவது செய்யச் சொல்லி ஏவினாலோ, காய்ச்சல், வலிப்பு, தடுமாற்றம் இருந்தாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

தன் எண்ணம்தான் என்று தெரிந்தும், விரும்பாத சொல் வந்து வந்து அலைக்கழித்தால் அது ஓசிடி எனும் எண்ணச் சுழற்சி நோயாக இருக்கலாம். பிள்ளை எதை மதிக்கிறதோ அதிலேயே அது அதிகம் பிடிக்கும். பூசை நேரம் நல்லூரானைத் திட்டும் சொல்லொன்று வரும். அதை அழிக்கப் பிள்ளை மூன்று தரம் "முருகா" சொல்லும்; பிசகினால் முதலிலிருந்து. பிறகு, "அம்மா, நான் சாமியைப் பேசிப்போட்டனோ?" "இல்லை ராசா" என்றால் ஐந்து நிமிடம் ஆறுதல், திரும்பவும் அதே கேள்வி. அந்தப் பதிலும் நோய்க்குத் தீனிதான். ஒருமுறை பதில் சொல்லுங்கள். அடுத்த முறை, "உது வருத்தம் கேக்கிற கேள்வி, வந்திட்டுப் போகட்டும்" என்று சொல்லி, செய்துகொண்டிருந்த வேலையைத் தொடரவிடுங்கள். முதல் நாட்களில் அழுகை கூடும். இரங்கி நடுவில் பதில் சொன்னால், அழுதால் பதில் வரும் என்று பழகிவிடும். பல வீடுகளில் பிசகுவது இங்கேதான்.

ஒரு கிழமை கொப்பியில் குறியுங்கள்: எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, பிள்ளை உடனே என்ன செய்தது. நாளுக்கு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டினால், அல்லது படிப்பும் நித்திரையும் குழம்பினால், அந்தக் கொப்பியோடு யாழ். போதனா வைத்தியசாலை அல்லது தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலை உளமருத்துவப் பிரிவுக்குப் போங்கள். பயிற்சி பெற்றவரின் துணையோடு அந்தச் சொல்லையே எழுதி, வாசித்து, "முருகா" சொல்லி அழிக்காமல் பயம் தணியும்வரை இருக்கப் பழக்குவார்கள். கடுமையென்றால் செர்ட்ராலின் போன்ற மருந்தும் சேரும். பலன் முழுதாகத் தெரிய 8 முதல் 12 கிழமை வேண்டும். இரண்டாம் கிழமையே "மருந்து கேக்கேல்லை" என்று நிறுத்திவிட்டு நூல் கட்டக் கொண்டுபோனால், வீணாவது பிள்ளையின் மாதங்கள்.

தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் எடுக்கலாம்.

உளவளத்துணையாளர்கள்,
யாழ்ப்பாணம்.