ரத்தம் பட்ட கைக்குச் சோப்புதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் அப்பாவின் காலில் செம்பனை முள் ஏறிவிட்டது. கிளினிக்கிற்கு அழைத்துப் போனேன். காயமெல்லாம் சேறும் ரத்தமும். துடைத்து முடித்த உதவியாளர் கையுறையைக் கழற்றினார். மணிக்கட்டில் ரத்தம் ஒட்டியிருந்தது. ஆல்கஹால் சானிடைசரை இரண்டு அழுத்து அழுத்தித் தேய்த்துக்கொண்டு, அடுத்திருந்த குழந்தையைத் தொடப் போய்விட்டார். பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய் இருந்தது. சோப்புப் புட்டிதான் காலி.

சானிடைசரைக் குறை சொல்லவில்லை. பார்வைக்குச் சுத்தமான கையில் 20, 30 விநாடி தேய்த்தால் பெரும்பாலான கிருமிகளைக் கொன்றுவிடும். ஆனால் அது அழுக்கை எடுக்காது; ரத்தத்துக்கும் சளிக்கும் அடியில் இருக்கும் கிருமியிடம் ஆல்கஹால் சரியாகப் போய்ச் சேராது. அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தால் சோப்பும் தண்ணீரும்தான், 40 முதல் 60 விநாடி என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டி. கடும் வயிற்றுப்போக்கைத் தரும் குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் கிருமியின் வித்துகளோ (கெட்டி உறைக்குள் உறங்கும் வடிவம்) ஆல்கஹாலுக்கு அசையவே அசையாது.

அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிவிட்டு வரும் அம்மா, பிசுக்குப் போகக் கையைக் கழுவாமல் சோற்றுப் பானையைத் தொட மாட்டார். சரி, கிளினிக்கில் ஒரு புட்டி சோப்பு நிரப்பி வைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

தோட்டத்து வாசகர்,
சுங்கை சிப்புட்