எருக்கை எடுங்கள், ஜேசிபியால் வேண்டாம்

நெல்லைச் சீமையின் ஊராட்சி மன்றத்தாருக்கும் குளத்துப் பாசன சங்கத்தாருக்கும்,

வணக்கம். பிசான நெல் பருவத்துக்குக் குளம் பெருகும் முன் கரையைச் சுத்தம் செய்ய ஜேசிபியை இறக்குகிறீர்கள். சீமைக்கருவேலத்தோடு சேர்த்து எருக்கையும் அது வழித்துத் தள்ளிவிடுகிறது. சீமைக்கருவேலம் வெளிநாட்டிலிருந்து வந்தது, போகட்டும். எருக்கு நம் மண்ணுக்கே உரிய செடி.

அது அடங்காத செடி என்பதும் உண்மைதான். ஆடு வாய் வைக்காது. வெட்டினால் தூரிலிருந்து துளிர்க்கும். காய் வெடித்தால் பஞ்சு கட்டிய விதை காற்றோடு எங்கெங்கோ போய் விழும். ஆனால் எருக்குக்குப் பிடித்த இடமே கிளறிப்போட்ட வெறும் மண்தான். புல்பூண்டு இல்லாமல் வழித்த கரையில் முதலில் தலைகாட்டுவது அதுவே. காசையும் கொடுத்து அதற்குப் பாத்தியும் கட்டிக் கொடுக்கிறோம்!

சரி, விட்டுவைத்தால் யாருக்கு லாபம்? இலையைத் திருப்பிப் பாருங்கள். கருப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரி போட்ட புழு ஒன்று, முதுகில் மூன்று ஜோடிக் கருங்கொம்புகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு அது. இலை நரம்பைக் கடித்துப் பாலை வடியவிட்டு, அப்புறம்தான் தின்னத் தொடங்கும். அந்தப் பாலின் நஞ்சு உடம்பில் ஏறுவதால் பறவைகள் அதைத் தொடத் தயங்கும். எருக்கம்பூவுக்கு வருவது மரத்தைத் துளைக்கும் கருவண்டு. நம் துவரைப் பூவுக்கும் கத்தரிப் பூவுக்கும் மகரந்தம் சேர்ப்பதில் அதற்குப் பங்கு உண்டு.

வெள்ளெருக்கு என்றால் பிள்ளையாருக்கு உரியது என்று சுற்றிவந்து கும்பிடுகிறோம். ஊதா எருக்கு என்ன பாவம் செய்ததோ!

கரை, மடை, வாய்க்கால் ஓரங்களில் மட்டும் மண்வெட்டியால் தூரோடு எடுங்கள். சுடுகாட்டு ஓரத்திலும் புறம்போக்கிலும் நிற்பதை விட்டுவிடுங்கள். அங்கே காய் பச்சையாக இருக்கும்போதே பறித்துவிட்டால் போதும், பரவுவது பெருமளவு குறையும். வெட்டிய தழையைக் கொளுத்த வேண்டாம். நடவுக்கு முன் கொழுஞ்சியையும் எருக்கந்தழையையும் சேற்றில் மிதித்த வயல்கள்தானே இவை? தண்டோரா போட்டால் வேண்டியவர்கள் வந்து அள்ளிக்கொள்ளட்டும்.

வேலைக்கு வருகிறவர்களுக்குக் கையுறை கொடுங்கள். எருக்கம்பால் கண்ணில் தெறித்தால் பார்வை மங்கிவிடும், உடனே கழுவியாக வேண்டும். பக்கத்திலேயே ஒரு குடம் நல்ல தண்ணீர் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நாங்குநேரிப் பக்கத்துக் குளத்துப் பாசன விவசாயி