சாந்தா அம்மா நினைவு முகாம்: கைகொடுத்த அனைவருக்கும் நன்றி

நேற்று மாலை கடைசிப் பெண் வெளியே வந்து, செவிலியர் கையுறையைக் கழற்றிய பிறகுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது. முகாமுக்கு முந்தைய நாட்களில் வந்த தடங்கல்களெல்லாம் ஊருக்கே தெரியும். அதை மறுபடியும் கிளற விருப்பமில்லை. எல்லாவற்றையும் தாண்டி, ஜனவரி 19 அன்று, அடையாறு புற்றுநோய் நிறுவனத்தின் டாக்டர் வி. சாந்தா அம்மாவின் நினைவு நாளில், நம் ஊர்ப் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை நடந்தே விட்டது. குழுவின் சார்பில் உங்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

முதல் நன்றி பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் தையல் மிஷின் போட்டிருக்கும் அக்காவுக்கு. பெயரை எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஜன்னலை மறைக்க ஒரு திரை தைத்து வாங்கத்தான் அவரிடம் போனேன். அளவைக் குறித்துக்கொண்டவர், நிமிர்ந்து பார்த்து, “படுக்கும்போது என்ன உடுத்தியிருப்பார்கள்?” என்று கேட்டார். எத்தனையோ கூட்டம் போட்டு நோயைப் பற்றியும் வயதைப் பற்றியும் பேசியிருக்கிறோம். இந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

மறுநாள் விடிந்ததும் ஒரு பெரிய துணிப்பையோடு வாசலில் நின்றார். உள்ளே, பழைய நூல் புடவைகளை வெட்டித் தைத்த பாவாடைகள். இடுப்பில் நாடா, ஒரு பக்கம் மேலிருந்து கீழ்வரை திறப்பு, முழங்காலை மடக்கிப் படுத்தாலும் தொடை தெரியாத அளவுக்கு அகலம். மெல்லிய துணி என்பதால் இரண்டு மடிப்பாகத் தைத்திருந்தார். செவிலியர் ஒன்றை விரித்துப் பார்த்துவிட்டு, “இப்படித் தைக்க யார் சொல்லிக் கொடுத்தது?” என்று கேட்டார். “பிரசவத்துக்குப் படுத்திருந்தபோது எனக்கு இப்படி ஒன்று கிடைக்காதா என்று இருந்தது” என்றார் அக்கா. அதற்கு மேல் பேசவில்லை. கூலி வேண்டாம் என்றவர் நூலுக்கான காசைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

காலையில் வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்ற பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உள்ளே வரவும் மனமில்லை, வீட்டுக்குத் திரும்பவும் மனமில்லை. அக்கா பையை அங்கேயே கொண்டுபோய்ப் பிரித்துக் காட்டினார். ஒரு மருமகள் அதைத் தொட்டுப் பார்த்தாள், புடவைக்கு மேலேயே கட்டிப் பார்த்தாள், பிறகு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். அவள் வெளியே வந்து சொன்னதைக் கேட்ட பிறகு வரிசை தானாகவே சேர்ந்தது. அப்பத்தாக்கள்கூடத் தங்கள் மகள்களைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள்.

பரிசோதனை அவ்வளவு எளிமையானது. நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் (வினிகரில் இருப்பதுதான்) பஞ்சை நனைத்துக் கர்ப்பப்பை வாயில் ஒற்றி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். மாற்றம் கண்ட இடம் வெள்ளையாகத் தெரியும். இந்த முறையில் பயிற்சி பெற்ற செவிலியர்கள் பரிசோதித்த பெரிய ஆய்வு நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில்தான் நடந்தது. 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் அதன் முடிவு வெளிவந்தது. பரிசோதனை நடக்காத ஊர்களைவிட, நடந்த ஊர்களில் இந்த நோயால் வரும் மரணம் 35 சதவீதம் குறைந்திருந்தது. உலகத்துக்கே வழிகாட்டிய மாவட்டத்தில் பிறந்த பெண்கள் கூச்சத்தால் வாசலோடு திரும்பிப் போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

சாந்தா அம்மாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் 2005-இல் பெற்ற மகசேசே விருதையும் 2016-இல் பெற்ற பத்ம விபூஷணையும் சொல்வார்கள். எனக்கு 1955-தான் பெரிது. தேர்வாணையத் தேர்வில் தேறி, அரசு வேலை கைக்கு எட்டியிருந்த நேரத்தில், அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் போய்ச் சேர்ந்தார். சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் நிதி திரட்டி, முந்தைய ஆண்டுதான் 12 படுக்கைகளோடு அதைத் தொடங்கியிருந்தார். சாந்தா அம்மாவுக்கு முதல் மூன்று ஆண்டுகள் சம்பளமே இல்லை; அதன்பின் மாதம் 200 ரூபாயும் வளாகத்துக்குள் தங்க இடமும் கிடைத்தன. 2021-இல் 93 வயதில் மறையும்வரை அந்த நிறுவனமே அவருக்கு வீடு. பணமில்லாத காரணத்தால் யாருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது, தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் புற்றுநோயைக் குணப்படுத்தலாம் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

என் அம்மாவை அடையாறுக்கு அழைத்துப் போனபோது நோய் முற்றியிருந்தது. உதிரப்போக்கு தொடங்கிய காலத்திலேயே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார். வெட்கப்பட்டு, பெற்ற மகளிடம்கூட மறைத்துவிட்டார். அந்தப் பாவாடைகளைப் பார்த்ததும் நான் அழுததற்குக் காரணம் கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

மற்றவர்களையும் மறக்கவில்லை. கடைசி நேரத்தில் தன் வீட்டுக் கூடத்தைக் காலி செய்து கொடுத்த பெரியம்மா, பணம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஷாமியானா போட்ட அண்ணன், தோட்டத்து வீடுகளில் இருந்தவர்களை ஏற்றி வந்த ஆட்டோ தம்பிகள், நாள் முழுக்க சுக்குக் காபி போட்ட மதினிமார்கள், நாற்காலியைவிட்டு எழாமல் வேலை பார்த்த செவிலியர்கள், கைக்குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு மனைவிக்காகக் காத்திருந்த ஆண்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

வெள்ளைத் திட்டு இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள் கலங்க வேண்டாம். திட்டு தெரிந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை; ஆனால் மேல்பரிசோதனைக்குக் கட்டாயம் போக வேண்டும். தனியாக யாரையும் அனுப்ப மாட்டோம். நானோ குழுவில் ஒருவரோ உடன் வருவோம், பஸ் செலவு எங்கள் பொறுப்பு. முடிவு கைக்கு வந்து, சிகிச்சை தேவைப்பட்டால் அதுவும் முடியும்வரை கூடவே இருப்போம். இது சாந்தா அம்மாவின் பெயரில் நாங்கள் கொடுக்கும் வாக்கு. வேலைக்குப் போனதால் வர முடியாமல் போனவர்கள், 30 வயதைத் தாண்டியிருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

பாவாடைகளை வெந்நீரில் துவைத்து அந்த நிலையத்துக்கே கொடுத்துவிட அக்கா சம்மதித்துவிட்டார். இன்னும் தைக்கத் துணி வேண்டுமாம். கிழியாத பழைய நூல் புடவை இருந்தால் அவர் கடையில் கொடுங்கள். சாயம் போயிருந்தாலும் பரவாயில்லை, நைலான் மட்டும் வேண்டாம் என்கிறார்.

நன்றியுடன்,
மகளிர் குழுச் செயலாளர்