தின்னர் துணியைக் கொஞ்சம் கீழே வையுங்கள்: பெயின்டிங் பட்டறைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவையில் டிங்கரிங், பெயின்டிங் பட்டறை நடத்தும் அண்ணன்மார்களுக்கும், அங்கே ஸ்பிரே கன் பிடிக்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

போன வருடம் ஆயுத பூசைக்கு நான்கு நாள் முன்னால் என் காரை ஒரு பட்டறையில் விட்டேன். வெள்ளைக் கார். பின்கதவில் யாரோ பைக்கை உரசிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த ஒரு கதவுக்கு மட்டும் பெயின்ட். பூசை நேரத்துக் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொன்ன நாளில் வண்டி கைக்கு வந்தது, கதவும் பிரமாதம். கலர் மேட்சிங்கில் ஒரு குறை சொல்ல முடியாது. கதவுக்குக் கீழே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் பட்டையான கிளாடிங்கூடப் புத்தம் புதிதாகப் பளபளத்தது. அந்தப் பளபளப்பைப் பார்த்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஐப்பசி மழை இரண்டு முறை அடித்தது. கிளாடிங் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்துவிட்டது. பின்விளக்கைத் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. அதன் ஓரத்தில் சிலந்தி வலைபோல மெல்லிய கீறல்கள். நடந்தது என்ன என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. கன் அடித்தபோது பறந்த பெயின்ட் தூசி இவற்றின் மேல் படிந்திருக்கிறது. யாரோ பனியன் வேஸ்ட்டைப் பெயின்டைக் கரைக்கும் தின்னரில் நனைத்துத் தேய்த்திருக்கிறார்கள். போகவில்லை என்றதும் டாஷ்போர்டு பாலிஷைப் பூசி அனுப்பிவிட்டார்கள். (சிலிக்கான் பாலிஷ் பட்ட இடத்தில் பெயின்ட் அடித்தால் மீன்கண் மீன்கண்ணாகக் குழி விழும் என்று பயப்படுகிறவர்கள் நீங்கள். அதே பாலிஷ் என் வண்டிக்கு மட்டும் எப்படி மருந்தானது?)

அந்தப் பட்டறையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நண்பர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

கிளாடிங்கைக் கழற்றி உட்பக்கம் பாருங்கள். பிபி+இபிடிஎம்-டி20 என்பதுபோல ஓர் எழுத்து அச்சாகியிருக்கும். டி20 என்றால் கிரிக்கெட் இல்லை, 20 சதவீதம் டால்க் தூள் கலந்தது என்று பொருள். இபிடிஎம் ஒரு ரப்பர். பிபி என்பது பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். இதன் குணம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பம்பருக்கு, பெயின்ட் ஒட்டிப் பிடிப்பதற்கான பிபி பிரைமரை முதலில் அடிக்காமல் பெயின்ட் அடித்தால் என்ன ஆகும்? கொஞ்ச நாளில் தோல் உரிவதுபோல உரிந்துகொண்டு வரும். அப்படியென்றால், பிரைமர் இல்லாத கறுப்பு பிளாஸ்டிக்கில் பாதி உலர்ந்தபடி வந்து விழுந்த தூசி மட்டும் எப்படி இறுகப் பிடிக்கும்? அது மேலோட்டமாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. தின்னர் போட்டதும்தான் கரைந்து, அந்தச் சொரசொரப்புப் பரப்பின் குழிகளுக்குள் எல்லாம் இறங்கிவிடுகிறது. வெளுப்பு வந்த வழி இதுதான்.

நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன். தின்னர் படாத பகுதியில் சோப்புத் தண்ணீரும் பழைய டூத்பிரஷ்ஷும் பாதி வேலையை முடித்தன. அடம் பிடித்த புள்ளிகளைக் காலாவதியான ஏடிஎம் கார்டின் ஓரத்தால் நெம்பினேன். அதற்கும் மசியாதவற்றுக்குத் துளி டர்ப்பன்டைன் தொட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, உடனே சோப்புப் போட்டுக் கழுவினேன். போய்விட்டது. தின்னர் பட்ட பகுதி மட்டும் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

கண்ணாடிக்கும் பெயின்ட் பரப்புக்கும் கிளே பாரைவிட (தூசியை ஒற்றி எடுக்கும் களிமண் போன்ற கட்டி) நல்லது இல்லை. சோப்புத் தண்ணீர் தெளித்து மெதுவாக ஓட்டினால் தூசியை அள்ளிக்கொண்டு வந்துவிடும். ஆனால் சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்கில் அதை ஓட்டாதீர்கள். கிளேயே குழிக்குள் மாட்டிக்கொள்ளும், அப்புறம் அதை எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.

விளக்குகள் வேறு கதை. முன்விளக்கு பாலிகார்பனேட், பின்விளக்கு பெரும்பாலும் அக்ரிலிக். இரண்டுக்கும் தின்னர் ஆகாது, மெல்லிய வெடிப்பு விடும். முன்விளக்கின் மேல் ஒரு காப்புப் பூச்சும் உண்டு. அது போனால் வெயிலில் மஞ்சள் பாயும். கிரில் போன்ற ஏபிஎஸ் பிளாஸ்டிக் பாகங்களோ அசிட்டோன் கலந்த தின்னர் பட்டால் இளகிவிடும். என் பின்விளக்கின் சொரசொரப்பு கிளேயில் போனது. கீறல் போகாது. விளக்கையே மாற்ற வேண்டும்.

சரி, தூசி விழாமல் இருக்க என்ன செய்வது? பெயின்ட் படக்கூடாத இடத்தை மூடும் மாஸ்கிங்குக்குச் செய்தித்தாளை விட்டுவிட்டு பிளாஸ்டிக் ஷீட்டுக்கு மாறலாம். செய்தித்தாள் நனைந்தால் பெயின்ட் உள்ளே இறங்கிவிடுகிறது. கதவு ஒன்றுதானே என்று கதவைச் சுற்றி மட்டும் ஒட்டாமல் வண்டி முழுவதையும் மூடுங்கள். குறைந்த அழுத்தத்தில் அடிக்கும் எச்விஎல்பி கன் என்றால் முனையில் 10 பிஎஸ்ஐக்கு மேல் அழுத்தம் போகாது, குறைந்தது 65 சதவீதப் பெயின்டாவது வண்டியில் சேரும். பழைய கன்னில் பாதிக்கு மேல் காற்றோடு போவது உங்கள் காசும்தான். காற்றோடு போவதில் கொஞ்சம் தம்பிகளின் நெஞ்சுக்குள்ளும் போகிறது. டூ-கே பெயின்டை இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். முகத்தில் கட்டிய கைக்குட்டை அதைத் தடுக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் தூசி விழலாம். விழுந்தால் அன்று சாயங்காலமே ஒரு போன் போடுங்கள். "அண்ணா, கிளாடிங்கில கொஞ்சம் பெயின்ட் பட்டிருச்சுங்க" என்றால் போதும். ஹார்டனர் கலந்த பெயின்ட் முழுதாக இறுகுவதற்குள் என்றால் வேலை பாதி. வண்டி ஒரு நாள் தள்ளி வந்தால் எனக்குப் பிரச்சினை இல்லை.

அடுத்த மாதம் இடது ஃபெண்டருக்கு டச் அப் வேலை இருக்கிறது. உங்களில் ஒருவரிடம்தான் வருவேன். கறுப்புப் பாகங்களை எல்லாம் நானே மாஸ்கிங் பண்ணிக்கொண்டு வந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
கோவையில் ஒரு வெள்ளைக் கார்க்காரன்